புலி வீட்டில் சொத்து மகளுக்கு



உலகப் புலிகள் நாள் கூட்டம் என்றதும், புலியின் வீரத்தைப் பற்றித் தூக்கலாகப் பேசச் சொன்னார்கள். வீரத்தைப் பேச நம்மிடம் ஆளுக்கா பஞ்சம்? முறத்தால் புலியை விரட்டிய கதை ஏறாத மேடை தமிழ்நாட்டில் உண்டா? எனவே நான் இன்று புலிகளின் காணித் தகராறைப் பேசப் போகிறேன்.

அதற்கு முன் ஒரு பழமொழியைப் பார்த்துவிடுவோம். புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்கிறோம். தின்னும் ஐயா. பசிக்காமலே தின்னும். காட்டுப் பாதையில் கிடக்கும் புலியின் எச்சத்தைக் குச்சியால் கிளறிப் பாருங்கள். கடமான் மயிரும் எலும்புத் துணுக்கும் இருக்கும். சில நேரம் அவற்றோடு செரிக்காத புல்லும் இருக்கும். நம் மானத்துக்கு உவமை தேவைப்பட்டது, புலியைப் பிடித்துக்கொண்டோம். அது பாட்டுக்குப் புல்லை மேய்ந்துகொண்டிருக்கிறது.

பதுங்குவது பாய்வதற்கே என்பது மட்டும் சரி. ஆனால் பாய்ந்ததெல்லாம் கிடைப்பதில்லை. பத்துத் தடவை பாய்ந்தால் ஒரு தடவை கிடைக்கலாம். சில காடுகளில் இருபதுக்கு ஒன்றுதான். புலி நெடுந்தூரம் ஓடக்கூடிய மிருகமல்ல. புதருக்குப் புதர் ஒளிந்து, சில பாய்ச்சலில் எட்டும் தூரத்துக்கு வந்தாக வேண்டும். நமக்குப் பளிச்சென்று தெரியும் அந்தச் செம்மஞ்சள் நிறம் அதைக் காட்டிக்கொடுக்காதா என்று கேட்கலாம். காட்டிக்கொடுக்காது. மானின் கண்ணுக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. பச்சைப் புதருக்கு நடுவே அந்த உடம்பும் பச்சையோடு பச்சையாகத்தான் அதற்குத் தெரியும். ஆனால் அசைவைப் பார்த்துவிட்டால் போச்சு. கடமான் முன்காலைத் தரையில் ஓங்கி உதைத்து ஒரு குரல் கொடுக்கும். ஆட்டம் அத்தோடு முடிந்தது. புலி எழுந்து, ஒன்றுமே நடக்காதது போல வெட்டவெளியில் நடந்து போய்விடும்.

பிடித்துவிட்டால் கழுத்தைக் கவ்வி மூச்சை அடக்கும். பிறகு இரையைப் புதருக்குள்ளோ நீரோரத்துக்கோ இழுத்துப் போகும். பெரும்பாலும் பின்தொடையிலிருந்து தின்னத் தொடங்கும். ஒரே இரவில் 20, 30 கிலோ இறைச்சி உள்ளே போய்விடும். மிச்சத்தை விட்டுவிட்டுப் போகாது. பக்கத்திலேயே படுத்திருந்து, மூன்று நான்கு நாள் திரும்பத் திரும்ப வந்து தின்று முடிக்கும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனதில் போட்டு வையுங்கள். கடைசியில் இதற்கே வருகிறேன்.

இப்போது காணிக்கு வருவோம். ஒரு புலிக்கு வாரத்துக்கு ஒரு மான் என்று வைத்தால் ஆண்டுக்கு 50 உருப்படி. காட்டிலுள்ள இரையில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கை எடுத்தால்தான் முதல் அழியாமல் நிற்கும். ஆக, ஒரு புலி பிழைக்க 500 மானும் காட்டெருமையும் பன்றியும் உயிரோடு மேய வேண்டும். கர்நாடகத்து நாகரஹொளேக் காட்டில் பல்லாண்டு உழைத்து இந்தக் கணக்கை நமக்குத் தந்தவர் உல்லாஸ் காரந்த். அந்த 500 உருப்படி எவ்வளவு பரப்பில் மேய்கிறதோ, அவ்வளவும் ஒரு பெண்புலிக்கு வேண்டும். நாகரஹொளே போன்ற வளமான காட்டில் 20 சதுர கிலோமீட்டர் போதும். ரஷ்யாவின் கிழக்குக் கோடியில், இரை அருகிய பனிக்காட்டில், 400 சதுர கிலோமீட்டர் தேவைப்படுகிறது. ஆண்புலியின் எல்லை இன்னும் பெரிது. இரண்டு மூன்று பெண்புலிகளின் காணிகளை வளைத்துப் போட்டிருக்கும்.

இத்தனை பெரிய நிலத்துக்கு வேலி எது? வாசனைதான் வேலி. நடந்து வரும் புலி பாதையோரத்து மரத்தடியில் நிற்கும். அடிமரத்தை முகரும். மேலுதட்டைச் சுருட்டி, நாக்கு வெளியே தெரிய, வாயைப் பாதி திறந்தபடி அப்படியே நிற்கும். நாற்றம் தாங்காமல் முகம் சுளிக்கிறது என்று நாம் நினைப்போம். உண்மையில் மேலண்ணத்தில் உள்ள ஓர் உறுப்புக்கு அந்த மணத்தை ஏற்றி, வந்துபோனது ஆணா பெண்ணா, எப்போது வந்தது, துணை தேடும் பருவமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறது. விசாரணை முடிந்ததும் திரும்பி நின்று, வாலைத் தூக்கி, மரத்தின்மேல் பின்பக்கமாகத் தன் பங்குக்குச் சிறுநீரைப் பீய்ச்சும். வங்காளத்து ஆய்வாளர் ரதன்லால் பிரம்மச்சாரி ஆயுளின் பெரும்பகுதியை இந்த வாசனையை ஆராய்வதிலேயே செலவிட்டார். பாசுமதி அரிசிக்கு மணம் தருகிற அதே வேதிப்பொருள் இதிலும் இருக்கிறது என்று கண்டவர் அவர். காட்டில் திடீரென்று பிரியாணி அரிசி வாசம் அடித்தால் யாரும் பந்தியைத் தேடிப் போக வேண்டாம்.

இந்தக் குறியைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். உரியவர் நோயில் படுத்துச் சில வாரம் வராமல் போனால், பக்கத்துக் காணிக்காரர் கால் வைத்துவிடுவார்.

தாய்ப்புலி நூறு நாளுக்குச் சற்று மேல் சுமந்து, கண் திறக்காத குட்டிகள் இரண்டு மூன்று ஈனும். ஏறக்குறைய இரண்டு வயது வரை தனியாளாக வளர்க்கும். அதற்குள் பழைய ஆண்புலியை வேறொன்று விரட்டிவிட்டால் குட்டிகள் பாடு ஆபத்து. குட்டி இருக்கும்வரை தாய் மறுபடி சேராது என்பதால், புதிதாக வரும் ஆண் குட்டிகளைக் கொன்றுவிடுவது வழக்கம். ஆண்புலி என்றாலே கொலைகாரன் என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். ராஜஸ்தானத்து ரந்தம்போரில் 2011-இல் தாய் இறந்துபோன இரண்டு பெண்குட்டிகளைத் தன்னோடு கூட்டிக்கொண்டு திரிந்து காத்தது டி-25 என்ற ஆண்புலி. ஊரார் அதற்கு வைத்திருந்த பெயர் ஜாலிம். கொடியவன் என்று அர்த்தம்!

குட்டிகள் வளர்ந்தபின் நடப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. தாய் தன் காணியில் ஒரு பகுதியை மகளுக்கு விட்டுக்கொடுத்து, தான் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளும். மகனுக்கு ஒரு சென்ட் கூடக் கிடையாது. நம் சட்டமன்றம் 1989-இல் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தந்தது. இன்னமும் எத்தனை வீட்டில் அது பத்திரத்தோடு நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும். புலி வீட்டில் அந்த வழக்கே கிடையாது.

மகன் நடக்க வேண்டியதுதான். மகாராஷ்டிரத்தின் டிப்பேஷ்வர் சரணாலயத்தில் பிறந்த ஓர் இளம் புலிக்கு 2019-இல் கழுத்தில் ரேடியோ பட்டை கட்டினார்கள். பகலில் புதரில் படுத்து, இரவில் வயலும் சாலையும் ஆறும் கடந்து, தெலங்கானாவுக்குள்ளும் போய் வந்து, ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் நடந்தது. கடைசியில் ஞானகங்கா சரணாலயத்தில் போய்த் தங்கியது. அங்கே இரை இருந்தது, எதிரி இல்லை. பெண்புலியும் இல்லை.

இளையவன் கதை இப்படி. கிழவன் கதை நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. 2021-இல் மசினகுடி, கூடலூர்ப் பக்கம் டி-23 என்ற ஆண்புலி நால்வரைக் கொன்றதாகச் சொல்லப்பட்டது. கும்கி யானை, டிரோன், மோப்ப நாய் என்று மூன்று வாரம் தேடினார்கள். சுட்டுவிட அவசரப்பட வேண்டாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. அக்டோபரில் உயிரோடு பிடித்து மைசூருக்குக் கொண்டுபோனார்கள். வயது சுமார் 13, உடம்பில் காயங்கள். காட்டில் ஆண்புலிக்கு அது முதுமை. அந்த வயதில் காணியைக் காக்கத் தெம்பு இருக்காது. கடமானைப் பிடிக்கப் பல்லும் பத்தாது. மாடு பிடிப்பது எளிது, மாட்டுக்குப் பின்னால் மனிதர் வருகிறார். இதைச் சொல்வதால் இறந்தவர்களின் வீட்டுத் துக்கம் ஒரு துளியும் குறையாது. அந்த வீடுகளுக்குப் போய் இந்த விளக்கத்தைச் சொல்ல எனக்குத் துணிவும் கிடையாது.

தமிழ்நாட்டில் 2006-இல் 76 புலி என்று மதிப்பிட்டார்கள். 2022-இல் 306. கைதட்டலாம். கூடவே ஒன்றையும் யோசிக்க வேண்டும். ஈற்றுக்கு ஈற்று காணியில்லாத மகன்கள் வெளியே வருகிறார்கள். முதுமலை, பந்திப்பூர், பிலிகிரி ரங்கன் மலை எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு நிற்பது நம் சத்தியமங்கலம் காடு. அவர்கள் நடக்கிற வழி நம் ஊர் வழி. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் 2022 முதல் இரவு வண்டிக்குக் கட்டுப்பாடு வந்ததில் மலைமேல் இருக்கும் தாளவாடிக் காய்கறிக்காரர்களுக்கு எவ்வளவு கோபம் என்று எனக்குத் தெரியும். கோபத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் அந்தக் கட்டுப்பாடு வேண்டும் என்பதே என் கட்சி. இரவு நேரம்தான் புலிகள் நடக்கிற நேரம்.

மனதில் போட்டு வைக்கச் சொன்னேனே, அதற்கு வருகிறேன். 2023 செப்டம்பரில் நீலகிரி அவலாஞ்சிப் பக்கம் இரண்டு புலிகள் செத்துக் கிடந்தன. புலி அடித்த மாட்டின் உடலில் விஷம் வைக்கப்பட்டிருந்தது, மாட்டுக்காரர் கைதானார். அடித்த இரைக்குப் புலி கட்டாயம் திரும்பி வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் இவ்வளவு நேரம் சொன்ன விலங்கியல் காட்டோரத்தில் மாடு வளர்க்கும் எவருக்கும் அத்துப்படி.

அவருக்கு ஜெயில் சரி. ஆனால் கறவை மாட்டை இழந்தவர் விஷத்தைக் கையில் எடுக்கும்முன் அவர் வாசலில் யார் போய் நின்றார்கள் என்றும் கேட்க வேண்டும். “மாடு போயி ஆறு மாசம் ஆச்சுங்க, காகிதந்தான் நடக்குது” என்று காட்டோர ஊர்களில் சொல்கிறார்கள். மேடையில் இருக்கும் அலுவலர் அவர்களே, செத்த மாட்டுக்குப் புலி மூன்று நாள் வந்து போகும். அந்த மூன்று நாளுக்குள் இழப்பீட்டில் ஒரு பகுதியாவது மாட்டுக்காரர் கைக்கு வர வேண்டும். மிச்சத்தைக் காகிதம் நடந்து முடித்தபின் கொடுங்கள். இது முடியுமா, முடியாதென்றால் எங்கே தடுக்கிறது என்று இதே மேடையில் நீங்கள் சொல்ல வேண்டும். ஒலிபெருக்கியை உங்களிடம் தருகிறேன்.