வீட்டுக்கு என்ன விலை சொல்வது?



கம்மாபுரம் பக்கம் வீடு விற்கப் போகிறவரிடம் “என்ன விலை சொல்றீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். தொகைக்கு முன்னால் நெய்வேலி நிலக்கரிச் சுரங்க நிறுவனமான என்.எல்.சி. வந்து நிற்கும். “நாளைக்கே சுரங்கத்துக்கு எடுத்தா ரெண்டு மடங்கு கிடைக்கும், அதை வெச்சுத்தான் சொல்றேன்” என்பார். வாங்க வந்தவரும் அதே சுரங்கத்தைத்தான் பிடித்துக்கொள்வார்: “எப்ப எடுப்பாங்கன்னே தெரியாத ஊர்ல இவ்வளவு போட்டு எப்படி மாமா வாங்குறது?”

இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இல்லாமல் இல்லை. நெய்வேலி நிறுவனம் தொடங்கியது 1956-இல். அன்றிலிருந்து சுரங்கம் விரிய விரிய, சுற்றியிருந்த ஊர்கள் பல இடம்பெயர்ந்தன. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலுக்குள் பொக்லைன் இறங்கியதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். அது பல வருடங்களுக்கு முன்பே கையகப்படுத்திய நிலம்; இருந்தாலும் உழவர்கள் நட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது உயர் நீதிமன்றம். இதையெல்லாம் பார்த்த ஊரில், வீட்டு விலை பேசும்போது சுரங்கத்தைப் பேசாதே என்றால் யார் கேட்பார்கள்?

ஆனால் அந்த ‘ரெண்டு மடங்கு’ எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட வேண்டும். 2013-ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டத்தில், சந்தை மதிப்பைக் கணக்கிட்டு, அதன்மேல் நூறு சதவீதம் ஆறுதல் தொகையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறது. அந்தப் பணம், நிலம் எடுக்கும் நாளில் யார் பெயரில் சொத்து இருக்கிறதோ அவருக்கு. இன்றைக்கு விற்றுவிட்டுப் போகிறவருக்கு அதில் பங்கு கிடையாது. வருமா வராதா என்று தெரியாத ஒரு தொகையை, வாங்குகிறவர் தன் கையிலிருந்து உங்களுக்கு முன்கூட்டியே ஏன் தர வேண்டும்? அந்த நம்பிக்கையில் விலை சொன்ன வீடு, கதவில் ஒட்டிய ‘விற்பனைக்கு’ தாள் வெயிலில் வெளுக்கும்வரை நிற்கும்.

அப்படியானால் எதை வைத்து விலை சொல்வது? பதிவுத் துறை இணையதளத்தில் உங்கள் சர்வே எண்ணுக்கும் பக்கத்து எண்களுக்கும் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கிரயத்திலும் ‘கைமாற்றுத் தொகை’, ‘சந்தை மதிப்பு’ என்று இரண்டு வரி இருக்கும். கடந்த இரண்டு மூன்று வருடத்தில் உங்கள் தெருவில் சென்ட் என்ன விலைக்கு எழுதினார்கள் என்று பிடி கிடைத்துவிடும். எழுதியது அவ்வளவு, கொடுத்தது எவ்வளவு என்பதை டீக்கடையில் சொல்லிவிடுவார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நடப்பு விலை தெரியும். மனைக்கு ஏறும் விலை சுவருக்கு ஏறாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தேக்குக் கதவும் மொசைக் தரையும் நமக்குப் பெருமை. வாங்குகிறவர் ஒயரிங்கை மாற்ற எவ்வளவு ஆகும் என்று மேலே பார்த்துக்கொண்டிருப்பார்.

அடுத்தது வாங்குகிறவர் பை. இந்தப் பக்கம் வீடு தேடுகிறவர்களில் பலர் என்.எல்.சி.யில் பணி ஓய்வு பெற்று டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறவர்கள். பி.எஃப்., கிராஜுட்டி சேர்ந்து கையில் 40 லட்சம் இருக்கிறது என்று வையுங்கள். முத்திரைத் தீர்வை 5, மாற்றுத் தீர்வை 2, பதிவுக் கட்டணம் 2, ஆக நூற்றுக்கு 9 ரூபாய் பதிவுக்கே போகிறது. அப்படியென்றால் முழுத் தொகையையும் பத்திரத்தில் எழுதினால், வீட்டுக்கு அவர் தரக்கூடியது 36 லட்சத்து 69 ஆயிரம் சொச்சம்தான். நீங்கள் 40-இல் பிடிவாதமாக நின்றால், அவருக்கு ஆசை இருந்தும் படியாது.

நம் ஊரில் குறைத்துக் கேட்பார்கள் என்று தெரிந்தே கூட்டிச் சொல்கிறோம். அது வழக்கம், சொல்லுங்கள். ஆனால் அளவு மீறினால், புரோக்கர் உங்கள் வீட்டை வேறொரு வேலைக்குப் பயன்படுத்திக்கொள்வார். முதலில் உங்கள் வீட்டைக் காட்டி விலையைச் சொல்லி மலைக்க வைப்பார். பிறகு பக்கத்துத் தெரு வீட்டைக் காட்டுவார். அது சல்லிசாகத் தெரியும். ஆட்கள் வருகிறார்கள், பார்க்கிறார்கள், தண்ணீர் குடிக்கிறார்கள், அட்வான்ஸ் மட்டும் வரவில்லை என்றால், இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பத்திரத்தில் குறைத்து எழுதுவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். “வழிகாட்டி மதிப்புக்கு எழுதிக்கலாம், மிச்சத்தைக் கையில் தர்றேன்” என்பது சகஜமான பேச்சு. வரி ஏய்ப்பு என்பது ஒரு பக்கம். கம்மாபுரம் போன்ற ஊரில் இன்னொரு பக்கமும் உண்டு. நான் முன்பு சொன்ன நிலம் எடுப்புச் சட்டத்தில் சந்தை மதிப்பை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? முந்தைய மூன்று வருடத்தில் அக்கம்பக்கத்தில் பதிவான கிரயங்களில் விலை கூடிய பாதியை எடுத்துச் சராசரி பார்க்கிறார்கள். அதுவா வழிகாட்டி மதிப்பா, எது அதிகமோ அது. ஊரே குறைத்து எழுதினால் சராசரி எப்படி ஏறும்? இழப்பீடு போதவில்லை என்று நாளைக்குச் சாலையில் உட்காரும்போது, எதிர்த்தரப்பு எடுத்து நீட்டுவது நாமே கையெழுத்திட்ட பத்திரங்களைத்தான். அட்வான்ஸையும் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்காதீர்கள். வருமான வரிச் சட்டம் அதற்கு அனுமதிப்பதில்லை.

பரம்பரை வீடு என்றால், விலையைத் தெருவில் சொல்வதற்கு முன்னால் வீட்டுக்குள் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் பெண்பிள்ளைகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்று 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. அண்ணன் 38 லட்சம் என்கிறார், தம்பி 35-க்கே சரி என்கிறார் என்றால், வாங்க வருகிறவர் தம்பி வீட்டுக்குத்தான் போவார். ஒரு தொகையை எல்லோரும் கூடிப் பேசி முடிவு செய்து, வெளியே பேசுவதற்கு ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். திருப்பூரிலோ சென்னையிலோ இருக்கும் தங்கைக்குக் கையெழுத்துப் போட எப்போது வர முடியும் என்றும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.