இணையச் சட்டமும் நமது அந்தரங்கமும்



பினாங்குத் தீவில் மலைக்கு மறுபக்கம் இருப்பது பாலிக் புலாவ். டுரியானும் ஜாதிக்காயும் விளையும் அந்த வட்டாரத்தில், ஒரு சிறிய தோட்டப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவர்கள் நாங்கள். இன்று இணையச் சட்டத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சட்டத்தைப் பற்றிப் பேச வழக்கறிஞர்கள் இருக்கிறார்களே, தோட்டப் பள்ளி ஆசிரியருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கக்கூடும். ஆகவே எங்கள் வகுப்பறையில் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், ஒரு திங்கட்கிழமை காலை. வகுப்புக்குள் நுழைந்தபோது கரும்பலகையில் ஓர் ஆசிரியரைப் பற்றி ஆபாசமான ஒரு வரி எழுதப்பட்டிருந்தது. பிள்ளைகளின் பைகளைச் சோதித்தோம். ஒரு மாணவனின் பையில் வெண்கட்டித் துண்டு கிடைத்தது. "நான் எழுதவில்லை சார்" என்றான். "அப்படியானால் எழுதியது யார்? நீயே சொல்" என்றோம். அவனால் சொல்ல முடியவில்லை. அன்று பகல்வரை அவனை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தோம். அந்த ஆண்டு முழுவதும் அவன் எங்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்து அதே வகுப்பில் படித்த இன்னொருவர் திருமண அழைப்பிதழ் கொண்டுவந்தார். பேச்சின் நடுவே, "சார், அன்றைக்கு எழுதியது நான்தான், வெண்கட்டியை அவன் பையில் போட்டதும் நான்தான்" என்றார். தண்டிக்கப்பட்டவரைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லை சார்" என்றார். ஐயப்பாட்டின் பேரில் எந்தப் பிள்ளையையும் தண்டிக்காதே என்பது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் படித்த பாடம். படித்தும் தவறினோம்.

நேயர்களே, பொருள் யாரிடம் இருந்ததோ அவனே குற்றம் செய்தவன் என்று முதலில் வைத்துக்கொள்வது. இல்லையென்று மெய்ப்பிக்கும் சுமையை அவன் தலையிலேயே ஏற்றுவது. அன்று நாங்கள் செய்தது இதுதான். இதே போன்ற ஒரு விதி நம் நாட்டுச் சட்டப் புத்தகத்திலும் இருக்கிறது. 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவு என்பது அதன் பெயர். 2012ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மக்களவையிலும், மே மாதம் மேலவையிலும் நிறைவேறி, அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் அது நடப்புக்கு வந்தது.

அந்தப் பிரிவு மூன்று வகையானவர்களைச் சுட்டுகிறது. முதலாவது, ஒரு வெளியீட்டின் உரிமையாளர், நிர்வாகி, ஆசிரியர் என்று தம் பெயரோ, படமோ, புனைபெயரோ காட்டப்பட்டிருப்பவர். அல்லது அது வெளிவர எவ்வகையிலேனும் துணை செய்தவர். இரண்டாவது, ஒரு செய்தி எந்த இணைய இணைப்பிலிருந்து கிளம்பியதோ அந்த இணைப்பைத் தம் பெயரில் பதிந்து வைத்திருப்பவர். மூன்றாவது, எந்தக் கணினியிலிருந்து கிளம்பியதோ அந்தக் கணினியைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர். மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை, இவர்களே அச்செய்தியை வெளியிட்டவர்கள் என்று சட்டம் ஊகித்துக்கொள்ளும்.

இதை நம் வீடுகளுக்குக் கொண்டுவந்து பார்ப்போம். வீட்டில் இணைய இணைப்பு அப்பாவின் பெயரில் இருக்கிறது. அதைப் பயன்படுத்துவதோ அம்மா, அக்காள், தம்பி, விடுமுறைக்கு வந்த மாமன் மகன். போதாததற்கு, மறைச்சொல்லைக் கேட்டு வாங்கிக்கொண்ட பக்கத்து வீட்டுப் பையன். இணைப்புக்கு ஐ.பி. முகவரி என்று ஓர் எண் உண்டு. அது வீட்டுக் கதவிலக்கம் போன்றது. கடிதம் எந்த வீட்டிலிருந்து போனது என்று அது காட்டும். எழுதிய கை யாருடையது என்று காட்டாது. நம் மக்களிடையே, தாத்தாவின் அடையாள அட்டையைக் கொடுத்து வாங்கிய சிம் அட்டையைப் பேரன் பயன்படுத்துவது சாதாரணம். பேரன் செய்த குறும்புக்குத் தாத்தா பதில் சொல்ல நேரலாம்.

ஆசிரியர்களாகிய எங்களையும் இது விடவில்லை. பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு நிர்வாகியாக இருப்பவர்கள் நாங்கள். இரவு பதினொரு மணிக்கு யாரோ ஒருவர் ஒரு கடைக்காரரைப் பற்றி அவதூறு எழுதிப் போட்டால், உறங்கிக்கொண்டிருக்கும் நிர்வாகி மீதும் அந்த ஊகம் விழக்கூடும்.

ஆகவேதான் மக்கள் எதிர்த்தார்கள். சுயேச்சை இதழியல் மையம் என்ற அமைப்பு முன்னின்று, 2012 ஆகஸ்டு 14ஆம் நாளை இணைய இருட்டடிப்பு நாளாக அறிவித்தது. செய்தித் தளங்களும், வழக்கறிஞர் மன்றமும், தனிமனிதர்களின் பக்கங்களும் அன்று கறுப்புத் திரையைப் போட்டுக்கொண்டன. கூச்சல் இல்லை, கல்லெறி இல்லை. திறந்த பக்கம் கறுப்பாய் இருந்தது, அவ்வளவுதான். அன்றைய பிரதமர் நஜிப் இந்தப் பிரிவைப் பற்றி அமைச்சரவையை விவாதிக்கச் சொல்லியிருப்பதாக அறிவித்தார். அமைச்சரவை கூடியது, பிரிவை அப்படியே வைத்துக்கொள்ள முடிவு செய்தது. அது இதுவரை நீக்கப்படவில்லை.

அரசு சொன்ன காரணத்தையும் நாம் நேர்மையோடு கேட்க வேண்டும். முகம் காட்டாமல் பழி தூற்றுகிறவர்களைப் பிடிப்பது கடினம்; அவர்கள் பொய்ப்பெயரில் மறைந்துகொள்கிறார்கள் என்பது அந்தக் காரணம். இது பொய்யன்று. 2024 ஜூலையில், எஷா என்று சமூக ஊடகத்தில் அறியப்பட்ட நம் தமிழ்ப்பெண் ஒருவர், இணையத் தொல்லைக்கு ஆளாகி உயிரிழந்தார். அந்த விவகாரத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்கு, சிறு குற்றங்கள் சட்டத்தின்கீழ் விதிக்கப்பட்ட அபராதம் 100 வெள்ளி. நாடே கொதித்தது. அதன் பின் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டு, இணையப் பகடிவதைக்குத் தனிப் பிரிவுகள் 2025 ஜூலை 11ஆம் நாள் நடப்புக்கு வந்தன. அந்தச் சட்டத்தை நாங்கள் வரவேற்கிறோம். பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவர்கள் அதை வரவேற்காமல் இருக்க முடியாது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். ஒன்று, எது குற்றம் என்று சொல்லித் தண்டனையை வகுக்கிறது. மற்றொன்று, குற்றவாளி யார் என்று தேடும் உழைப்பைக் குறைத்துக்கொள்வதற்காக, அருகில் நிற்பவரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நாம் எதிர்க்க வேண்டியது இரண்டாவதைத்தான்.

இந்த ஊகம் ஏட்டில் மட்டும் உறங்கவில்லை. மலேசியாகினி இணையத்தளத்தில் 2020ஆம் ஆண்டு வாசகர்கள் சிலர் நீதித்துறையைப் பற்றி எழுதிய கருத்துகளுக்காக, அந்நிறுவனத்தின் மீது நீதிமன்ற அவமதிப்பு வழக்கு வந்தது. தகவல் தெரிந்த சில நிமிடங்களில் கருத்துகளை நீக்கிவிட்டோம் என்று நிறுவனம் சொன்னது. வாசகர் எழுதியதற்குத் தளமே வெளியீட்டாளர் என்று ஊகிக்க 114ஏ பிரிவு கைகொடுத்தது. 2021 பிப்ரவரி 19ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் 500,000 வெள்ளி அபராதம் விதித்தது. எழுவர் கொண்ட அமர்வில் மாறுபட்டுத் தீர்ப்பளித்தவர் ஒருவரே. அவர் நளினி பத்மநாதன். அந்தக் கருத்துகளை வெளியிடும் நோக்கம் நிறுவனத்துக்கு இருந்ததாக நிறுவப்படவில்லை என்பது அவர் கருத்து. அபராதத் தொகையைப் பொதுமக்கள் சில மணி நேரத்திற்குள் நன்கொடையாகத் திரட்டிக் கொடுத்துவிட்டார்கள். பெயர்பெற்ற நிறுவனத்துக்கு மக்கள் இருந்தார்கள். பால் வெட்டும் ஒரு தொழிலாளிக்கு யார் திரட்டிக் கொடுப்பார்கள்?

இனி அந்தரங்கத்துக்கு வருவோம். நான் எழுதவில்லை என்று ஒருவர் எப்படி மெய்ப்பிப்பார்? தம் கைப்பேசியைத் திறந்து காட்ட வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் எங்கே இருந்தார், யாரோடு பேசினார், வீட்டில் வேறு யார் இருந்தார்கள் என்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். மனைவியோடு பேசியதும், மருத்துவர் அனுப்பியதும், கடன் கணக்கும் அதே கைப்பேசியில்தான் இருக்கின்றன. குற்றமற்றவர் என்று பெயர் வாங்க அந்தரங்கத்தை விலையாகக் கொடுக்க வேண்டும். மெய்ப்பிக்கும் சுமை இடம் மாறினால், அந்தரங்கமும் அதோடு சேர்ந்து கைமாறிவிடும். இந்தப் பேச்சில் நாங்கள் சொல்ல வந்த முக்கியமான கருத்து இதுவே.

இன்னொரு பக்கமும் உண்டு. 2017ஆம் ஆண்டு, 46.2 மில்லியன் கைப்பேசி எண்களுக்கு உரிய விவரங்கள் கசிந்துவிட்டதாகச் செய்தி வெளியானது. நம் நாட்டு மக்கள்தொகையை விட அது பெரிய எண்ணிக்கை. அடையாள அட்டை எண்ணும் முகவரியும் அவற்றில் இருந்தன. உங்கள் எண்ணை யாரோ ஒருவர் வைத்திருக்கிறார் என்றால், உங்கள் பெயரில் அவர் கணக்கும் தொடங்கலாம். அங்கேயும் ஊகம் உங்கள் மீதே விழும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. அது வணிக நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. கூட்டரசையும் மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தாது. நம் அரசியலமைப்பில் அந்தரங்கம் என்ற சொல் இல்லை. ஆனால் சிவராசா ராசையா என்ற வழக்கறிஞர் தொடுத்த வழக்கில், தனிமனித சுதந்திரம் என்பது அந்தரங்க உரிமையையும் உள்ளடக்கியது என்று 2010ஆம் ஆண்டு கூட்டரசு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இந்தக் கவலை நமக்கு மட்டும் வந்ததன்று. நம் நாட்டில் இருட்டடிப்பு நடந்த அதே 2012ஆம் ஆண்டு, பிலிப்பீன்ஸில் இணையக் குற்றத் தடுப்புச் சட்டம் வந்தது. மக்கள் எதிர்த்தார்கள், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அக்டோபரில் அதை நிறுத்தி வைத்தது. 2014ஆம் ஆண்டு தீர்ப்பில் சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டாலும், மக்களின் தொடர்புத் தரவுகளை அப்போதைக்கப்போது திரட்டும் அதிகாரத்தை நீக்கிவிட்டது. இந்தியாவில், அதே 2012 அக்டோபரில் புதுச்சேரியில் ஒருவரும், நவம்பரில் மகாராஷ்டிரத்தின் பால்கரில் இரண்டு இளம்பெண்களும், இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்யப்பட்டார்கள். அந்தப் பெண்களுள் ஒருவர் செய்தது, தோழியின் பதிவுக்கு விருப்பம் தெரிவித்தது மட்டுமே. ஷ்ரேயா சிங்கால் என்ற சட்ட மாணவி வழக்குத் தொடுத்தார். 2015 மார்ச் 24ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்துச் செய்தது. நம் நாட்டிலும், 2018ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பொய்ச்செய்தித் தடுப்புச் சட்டம், 2019ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தாலேயே நீக்கப்பட்டது. மக்கள் வாய்திறந்தால் சட்டம் மாறும் என்பதற்கு இவை சான்று.

அதுவரை நாம் செய்யக்கூடியவை சில உண்டு. உங்கள் பெயரில் எத்தனை சிம் அட்டைகள் பதிவாகியிருக்கின்றன என்று தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பயன்படுத்துகிறவரின் பெயரிலேயே எண் இருக்கட்டும். வைஃபை மறைச்சொல்லை ஊருக்கெல்லாம் கொடுக்காதீர்கள்; கொடுத்திருந்தால் மாற்றிவிடுங்கள். அடையாள அட்டை நகலை யாருக்கேனும் கொடுக்க நேர்ந்தால், எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதை நகலின் குறுக்கே எழுதிக் கொடுங்கள். குழு நிர்வாகிகள், தகாத செய்தியைக் கண்டதும் நீக்கி, நீக்கிய நேரத்தைக் குறித்து வையுங்கள். எதிர்பாராமல் உங்கள் மீது குற்றச்சாட்டு வந்தால், பயந்துபோய்க் கைப்பேசியில் உள்ளதை அழிக்காதீர்கள். அது உங்களுக்கே எதிராகப் போகும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி மையத்தை நாடலாம்.

பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லிக் கொடுங்கள். அடுத்தவர் கைப்பேசியில் விளையாட்டாக எழுதும் ஒரு வரி, அடுத்தவர் பையில் போடும் வெண்கட்டி என்று சொல்லுங்கள். அவர்களுக்குப் புரியும்.

இப்போதெல்லாம் எங்கள் வகுப்பில் ஏதேனும் நடந்தால் பைகளைச் சோதிப்பதில்லை. எல்லாரையும் உட்காரவைத்து விசாரிக்கிறோம். நேரம் அதிகம் பிடிக்கிறது. சில வேளை யார் செய்தார் என்று தெரியாமலேயே போய்விடுகிறது. தெரியாமல் போவதற்காக ஒருவரைப் பிடித்துத் தண்டிப்பதை மட்டும் நாங்கள் விட்டுவிட்டோம். ஒரு சிறிய பள்ளியால் முடிந்தது ஒரு நாட்டாலும் முடியும் என்று நம்புகிறோம்.