வழக்காடுவதும் அரசு, தீர்ப்பளிப்பதும் அரசு!



அமெரிக்கக் குடியேற்ற நீதிமன்றம், நீங்க நினைக்கிற மாதிரி சுதந்திரமான நீதிமன்றம் இல்லை. நாடு கடத்தணும்னு வாதாடுபவர் அரசு வழக்கறிஞர். நீதிபதியும் நீதி அமைச்சகத்தின் ஊழியர்தான்! ஒரு அணியே நடுவரையும் நியமிச்சா ஆட்டம் எப்படி இருக்கும்?

அகதிக்கு அரசு செலவில் வழக்கறிஞர் கேட்க உரிமை இல்லை. குழந்தைகள்கூடத் தனியா நிக்குறாங்க.

"கடத்தி அடிச்சாங்க" என்று தஞ்சம் கேட்டார் ஓர் இலங்கைத் தமிழர். அதிகாரி மறுத்தார்; குடியேற்ற நீதிபதியும் அதையே உறுதி செய்தார். கூட்டாட்சி நீதிமன்றத்தில் முறையிடவும் அவருக்கு உரிமையில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் 7-2 என்று தீர்ப்பளித்தது.

உயிர்ப்பிச்சை கேட்கவில்லை தோழர்களே. நடுநிலையான நீதிபதி முன் பேச ஒரு வாய்ப்பு. அது சலுகை அல்ல, உரிமை!