சுதைச் சுவரும் தூய நீரும்
(குடமுழுக்கு விழாச் சொற்பொழிவு)



திருக்கோயில் எழுப்புதல் ஒரு பணி. எழுப்பியதைப் பேணுதல் மற்றொரு பணி. சேக்கிழார் பெருமான் திருநாவுக்கரசு சுவாமிகளை உழவாரப்படை ஏந்திய திருக்கையினராகவே நமக்குக் காட்டுகின்றார். திலகவதியம்மையார் திருவதிகை வீரட்டானத்தில் அலகிட்டு மெழுகித் தொண்டு புரிந்தார். உழவாரம் புல்லைச் செதுக்கும் கருவி. சுவரைச் செதுக்கும் கருவியன்று. இவ்வேறுபாட்டை மறந்ததனால் நேர்ந்த கேடு இந்நாளிற் பல ஊர்க் கோபுரங்களிற் காணப்படுகின்றது.

காட்டூர், பழவேற்காட்டு ஏரியை அடுத்த ஊர். ஏரியும் கடலும் அணித்தாயிருத்தலின் இங்கே காற்றே உப்பைச் சுமந்து வருகின்றது. ஐப்பசி, கார்த்திகை மழையிற் சுதையுருவங்களின் மடிப்புகளிற் பாசி படர்கின்றது. கோடையில் அது காய்ந்து கருங்கறையாகின்றது. அதனைக் கண்டு அன்பர் உள்ளம் வருந்துதல் இயல்பே. வருந்திய வேகத்தில் கடையிற் கிடைக்கும் ஆசிட்டை வாங்கிக் கொடுத்துவிடுவதுதான் தீது.

சுதை என்பது யாது? கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்போடு மணலும், கடுக்காய் நீரும், வெல்லமும் சேர்த்து அரைத்த சாந்தே பண்டைச் சுதை. பூசிய பின் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு, மெல்ல மெல்ல மீண்டும் கிளிஞ்சலின் இயல்பையே எய்துகின்றது. ஆகவே கிளிஞ்சலுக்கு எது பகையோ அதுவே கோபுரத்துக்கும் பகை. ஏரிக்கரையிற் கிடக்கும் கிளிஞ்சல் ஒன்றின் மேல் ஒரு துளி ஆசிட் விட்டால் அது நுரைத்துப் பொங்கும். அந்த நுரை அழுக்கு கழலும் நுரையன்று; கிளிஞ்சலே கரையும் நுரை. புளியும் எலுமிச்சையும் இவ்வினத்தனவே. குத்துவிளக்குக்குப் புளி நன்று, விமானத்துக்கு ஆகாது. சிமெண்டுச் சாந்தால் அமைந்த புதிய உருவங்களையும் ஆசிட் அரிக்கவே செய்யும்.

காஸ்டிக் சோடா வேறொரு வகையிற் கெடுக்கும். அது சுவருக்குள் உப்பைத் தங்கச் செய்கின்றது. அவ்வுப்பு உலருங்காற் படிகமாகிப் பூச்சை உள்ளிருந்தே தள்ளி உதிர்க்கின்றது. பிளீச்சிங் பவுடர் பாசியைக் கொல்லும். ஆனால் வண்ணத்தையும் வெளுக்கச் செய்து உப்பையும் விட்டுச் செல்லும். அதனோடு ஆசிட்டையோ அம்மோனியாவையோ கலந்தால் நச்சுவாயு எழும். சாரத்தின் மேல் நிற்கும் ஏழைத் தொழிலாளியின் உயிரைப் பணயம் வைத்துப் பெறும் வெண்மை சிவபெருமானுக்கு உவப்பாகுமா?

அங்ஙனமாயின் எது தக்கது? முதற்கண் நல்ல நீர். ஏரி நீரும் உவர்க்கிணற்று நீரும் ஆகா. சுவரை நனைத்து ஊறவிட்டு, மெல்லிய நைலான் பிரஷ்ஷினால் தேய்த்தால் பாசியிற் பெரும்பகுதி நீங்கும். கம்பிப் பிரஷ்ஷும் வேகமாய்ப் பீச்சும் இயந்திரக் குழாயும் தொடற்க. எஞ்சிய கறைக்குக் காரமற்ற சோப்புக் கரைசல், மிக நீர்த்ததாக. அதனைக் கீழிருந்து மேலாகத் தடவுக. மேலிருந்து கீழாகத் தடவினால், உலர்ந்த சுவரில் வழிந்த கோடுகள் கறையாக நிலைக்கும். கழுவுவது மட்டும் மேலிருந்து கீழ். எதனையும் கண்ணிற் படாத ஒரு மூலையிற் கையகல இடத்தில் இட்டு, சில நாள் உலரவிட்டுப் பார்த்த பின்னரே முழுதும் இடவேண்டும். வண்ணம் தூளாகக் கையில் ஒட்டுமாயின் நீரும் படலாகாது. ஸ்தபதியாரை அழைத்தல் வேண்டும். அரசங்கன்று முளைத்திருந்தால் வேரைப் பிடித்திழுத்தல் கூடாது. சுதையும் உடன் வரும். தண்டை அறுத்து, வேரைப் பட்டுப்போகச் செய்த பின்னரே நீக்குக.

மணல் வீச்சைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. அறநிலையத்துறையே அதனைத் தடுத்திருக்கின்றது.

இம்மாவட்டத்துத் திருநின்றவூரிலே பூசலார் நாயனார் மனத்தினாற் கோயில் எடுத்தபோது, காடவர் கோமான் காஞ்சியிற் கல்லால் எடுத்தான். அது இராசசிம்ம பல்லவனின் கயிலாசநாதர் கோயிலே என்பர் ஆராய்ச்சியாளர். அக்கோயிற் சிற்றாலயங்களிற் சுண்ணப்பூச்சின் மேல் எழுதப்பெற்ற பல்லவர்கால ஓவியங்களை 1931-இல் ழூவோ துப்ராய் என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்டறிந்தார். பழம்பூச்சு என்று இகழ்ந்து அதற்கு முன்னரே எவரேனும் ஆசிட்டாற் கழுவியிருப்பின், ஆயிரத்து இருநூறு ஆண்டுச் செல்வம் ஒரு பகலில் வடிகாலிற் போயிருக்கும்.

இனிக் கொடையாளர்க்கு ஒரு வேண்டுகோள். பளபளக்கும் பெயிண்டு அடித்துத் தருவோர் பலருளர். நன்னீர் வண்டிக்கும், உறுதியான சாரத்துக்கும், கைப்பணியாளர் கூலிக்கும் பொருள் தருவோர் சிலரே. பெயரைக் கல்லிற் பொறிக்க முன்னதே எளிது போலும்! அப்பெயிண்டு சுதையின் மூச்சை அடைத்து, ஈரத்தையும் உப்பையும் உள்ளே சிறைப்படுத்துகின்றது. சுண்ணாம்பு வெள்ளையோ மூச்சு விடும். அடுத்த குடமுழுக்குக்குப் பன்னிரண்டு ஆண்டு காத்திராமல், மழை ஓய்ந்த தை, மாசித் திங்களில் ஆண்டுதோறும் கோபுரத்தைப் பார்வையிட்டுப் பாசி இளமையாயிருக்கும்போதே நீரால் நீக்குவதற்கு ஒரு கட்டளை ஏற்படுத்துவார்களாக.