அப்பத்தா வீட்டுச் செங்கல்

இன்னைக்கு விருந்தினர் யாரும் கிடையாது, நான் மட்டும்தான். நான் ஒரு சிவில் இன்ஜினியர்னு உங்களுக்குத் தெரியும். நான் கெடுத்த ஒரு வீட்டைப் பற்றித்தான் இந்த எபிசோட். அது என் அப்பத்தா வீடு.

கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமம். நாட்டு ஓடு, முற்றம், திண்ணை. ஒன்றரை அடி கனத்துக்குச் சுவர். எல்லாம் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான். 2013-இல் படிப்பை முடித்த கையோடு ஊருக்குப் போனேன். சுவரில் அங்கங்கே பூச்சு உதிர்ந்திருந்தது. "நான் சரி பண்ணித் தரேன் அப்பத்தா"ன்னு சொல்லி, பழைய பூச்சை முழுக்கக் கொத்தி எடுத்துவிட்டு சிமென்ட் பூசச் சொன்னேன். அதற்கு மேல் பளபளன்னு எமல்ஷன் பெயின்ட். "வருஷா வருஷம் வெள்ளை அடிச்சாப் போதுமேடா"ன்னு அப்பத்தா ஒரே ஒரு தடவை சொன்னாங்க. நான் கேட்கவில்லை. பட்டம் வாங்கிய புதுசு, இல்லையா?

அந்தக் காலத்து வீடுகளில் தரையின் ஈரம் சுவரில் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்ணிய துளைகள் உண்டு. ஏறின ஈரம் அது வழியாகக் காற்றில் போய்விடும். நான் அந்த வழியை அடைத்துவிட்டேன். ஈரம் உள்ளேயே நின்றது, உப்புப் பூத்தது, பெயின்ட் கொப்புளித்தது. எட்டு வருஷத்தில் அடிவரிசைச் செங்கல் விரலால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. 2021 மழையில் ஒரு பக்கச் சுவர் சாய்ந்துவிட்டது. இடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

வீடு இடிக்கிற கான்ட்ராக்டர் வந்து சுற்றிப் பார்த்தார். பின்பக்கத்தில் தொண்ணூறுகளில் சிமென்ட் வைத்துக் கட்டின சமையலறையும் குளியலறையும் இருந்தன. அவர் சொன்னதுதான் இந்த எபிசோடுக்கே காரணம்: "பழைய பக்கத்தை நான் காசு குடுத்து எடுத்துக்கிறேன் சார். பின்பக்கத்தை இடிக்க நீங்கதான் எனக்குக் காசு குடுக்கணும்."

ஒரே வீடு. ஒரு பாதிக்கு விலை, இன்னொரு பாதிக்குச் செலவு! தேக்கு உத்தரத்துக்காகத்தான் கேட்கிறார்னு நினைத்தேன். மரமும் காரணம்தான். ஆனால் செங்கல்லையும் சேர்த்துத்தான் கேட்டார். சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மென்மையானது. சுத்தியால் லேசாகத் தட்டினால் சாந்து உதிரும், கல் முழுசாகக் கையில் வரும். சிமென்ட் சாந்து கல்லைவிடக் கெட்டி. தட்டினால் கல்தான் உடையும், ஒட்டு விடாது. அப்படி உடைந்த கட்டட இடிபாடு எங்கே போய்ச் சேருதுன்னு தெரிய, உங்க ஏரியா ஏரிக்கரையைப் போய்ப் பாருங்க.

எங்க துறையில் இப்போ 'சர்குலர்', 'ரீஜெனரேடிவ்'னு வார்த்தைகள் நிறைய ஓடுது. கருத்தரங்குக்குக் கருத்தரங்கு கேட்டிருக்கிறேன். எனக்குப் புரிய வைத்தது என்னவோ அந்த கான்ட்ராக்டர்தான். எந்தப் பொருளால் கட்டுகிறோம் என்பதைவிட, எதை வைத்து ஒட்டுகிறோம் என்பதுதான் அந்தப் பொருளின் மறுபிறவியைத் தீர்மானிக்குது.

செங்கல்லை விற்கவில்லை. அதே கல்லை வைத்துத் திரும்பக் கட்டலாம்னு முடிவு செய்தோம். காவிரி டெல்டாவில் ஒரு புதுச் செங்கல் என்றால் அது ஏதோ ஒரு வயலின் மண். அதைச் சுடுவதற்கு விறகோ நிலக்கரியோ வேறு வேண்டும். நான் சிமென்ட் பூசியதால் உப்பு ஏறின கல்லை எல்லாம் ஒதுக்க வேண்டியதாயிற்று. அது என் கணக்கு. மேல்வரிசையில் உடைந்து வந்த நல்ல துண்டுகளை இடித்துச் சலித்துச் சுர்க்கி ஆக்கினோம். சுர்க்கி என்றால் செங்கல்தூள். சுண்ணாம்போடு சேர்ந்தால் அது தண்ணீர் பட்டாலும் கரையாத சாந்தாக இறுகும்.

சுண்ணாம்பு மட்டும் புகை விடாதான்னு கேட்பீங்க. விடும். சிமென்ட், சுண்ணாம்பு இரண்டுக்குமே சுண்ணாம்புக்கல்லைச் சுட வேண்டும், சுடும்போது கல்லுக்குள் இருக்கிற கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். உலகத்தில் மனிதர்களால் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடில் சுமார் 8 சதவீதம் சிமென்ட்டால் வருவது. அதில் பாதிக்கு மேல் எரிபொருளால் இல்லை, அந்தக் கல்லிலிருந்தே வருது. சூளையைச் சூரிய சக்தியில் ஓட்டினாலும் அது நிற்காது. சுண்ணாம்பு அப்படி இல்லை. கல்லிலிருந்து போன வாயுவில் பெரும்பகுதியைச் சுவரில் இருந்தபடியே காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப இழுத்துத்தான் அது இறுகுது. சூளை விறகின் புகைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதையும் சொல்லிடறேன்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதற்கே மூணு மாசம் ஆச்சு. எழுபதைத் தொட்ட பெரியவர். குழியில் சுண்ணாம்பை ஊறப்போட்டார், கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரை ஊற்றிக் குழைத்தார். ஒரு நாளைக்குச் சில வரிசைதான். "வேகமா வைக்கக் கூடாதா?"ன்னு கேட்டேன். "அவசரம்னா சிமென்ட்டுக்கே போ தம்பி"ன்னுட்டார். கல்லுக்கு மிச்சமான காசு கூலிக்குப் போனது. சிமென்ட்டில் ஆகியிருக்கக்கூடிய நாளைப் போல இரண்டு மடங்கு ஆனது.

நான் சிமென்ட்டுக்கு எதிரி இல்லை. ஈரம் ஏறாமல் இருக்க அஸ்திவாரத்துக்கு மேல் ஒரு வரி சிமென்ட் கான்க்ரீட் போட்டேன். பெரியவருக்கு அதில் வருத்தம்தான். பத்து மாடிக் கட்டடத்தைச் சுண்ணாம்பில் கட்டச் சொல்லவும் மாட்டேன். ஆனால் ஒரு மாடி வீட்டுச் சுவருக்கு, உள்பூச்சுக்கு, ஏன் யோசிக்காமல் சிமென்ட் மூட்டை இறக்குகிறோம்? லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் பழைய செங்கல், ஓடு, கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் வைத்துக் காலமெல்லாம் வீடு கட்டிக் காட்டினார். அங்கே போனால் பாருங்க.

நீங்க பெரும்பாலும் வாடகை பிளாட்டில் இருந்துதான் இதைக் கேட்டுட்டிருப்பீங்க. வீடு கட்டுகிற யோசனையே இருக்காது. ஆனால் ஊரில் தாத்தா வீட்டுக்கு "சும்மா ஒரு பூச்சு பூசிடலாம்"னு அப்பா போனில் சொல்வார். அன்னைக்குச் சுவரில் ஒரு மூலையைச் சுரண்டிப் பாருங்க. உள்ளே இருப்பது சுண்ணாம்பு என்றால், கொத்தனாரைக் கொஞ்சம் நிறுத்துங்க.

இந்தப் பொங்கலுக்குப் புதுச் சுவருக்கு முதல் வெள்ளை அடித்தோம். அப்பத்தாதான் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு மேற்பார்வை. மட்டையை எடுக்கப் போனேன். "நீ தள்ளி நில்லு ராசா, உன் வைத்தியம் ஒரு தடவை பார்த்தாச்சு"ன்னுட்டாங்க.