தேரிக்காட்டுக் கிணறும் பல்லாவரத்துப் பாறையும்

எனக்குப் பாடம் சொன்ன பெரியவர்கள் முன்வரிசையில் இருக்க, என்னைத் தலைமை தாங்கச் சொல்லியிருக்கிறீர்கள். பெருமையாக இருக்கிறது, சற்றுப் படபடப்பாகவும் இருக்கிறது.

தென்சென்னைப் புறநகரின் நிலத்தடி நீர் என்பது நம் பொருள். ஏரிகளையும் கல்குவாரிப் பள்ளங்களையும் பற்றி அமர்வுகளில் விரிவாகக் கேட்கப்போகிறோம். நான் ஒன்றைத்தான் சொல்ல விரும்புகிறேன். பல்லாவரத்துச் சார்னோக்கைட்டில் நீர் நகர்வது வெடிப்புகளின் வழியாக. அந்தப் பாறை கரைந்து வழிவிடாது. 2017 வறட்சியில் சிக்கராயபுரம் குவாரி நீர் சென்னைக்குக் குடிநீராகக் கிடைத்தது, அது பள்ளத்திலேயே நின்றதால்தான்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் ஆயன்குளம். திசையன்விளைக்கு அருகே, செம்மணல் தேரி நாட்டில் உள்ள அந்த விவசாயக் கிணறு, 2021 வடகிழக்குப் பருவமழையில் வாரக்கணக்கில் வெள்ளத்தை வாங்கியும் நிரம்பவில்லை. சென்னை ஐஐடி குழுவினர் ஆய்ந்து, அடியில் சுண்ணாம்புப் பாறைக் குகைவழிகள் இருப்பதாகச் சொன்னார்கள். ஆனாலும் தேரி மணல்தான் நீரைக் குடித்தது என்று நண்பர்கள் சிலர் இன்றும் வாதிடுகிறார்கள். அவர்கள் புலமையை மதிக்கிறேன். முடிவை ஏற்க இயலவில்லை. வெள்ளம் வண்டலோடு வரும். வண்டல் மணலின் துளைகளை விரைவில் அடைத்துவிடும். அத்தனை நாள் கிணறு நிரம்பாமல் இருக்கத் திறந்த வழி வேண்டும். சுண்ணாம்புப் பாறையைக் கரைத்து அதைத் திறப்பது கரியமில வாயு கலந்த மழைநீர் என்பதை இந்த அவைக்கு நான் விளக்கத் தேவையில்லை.

1863 மே 30 அன்று பல்லாவரத்தில் கற்கோடரி கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட்டை நாம் கொண்டாடுகிறோம். அதே ஃபூட் 1883இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலை எழுதினார். தேரிகளைப் பற்றி அதில் படிக்கலாம். அந்த நூலை நம்மில் எத்தனை பேர் புரட்டுகிறோம்? கடும்பாறையிலேயே பயின்ற நாம், சுண்ணாம்புப் பாறை என்றால் சிமென்ட் ஆலைக்கு எத்தனை டன் தேறும் என்று கணக்கிடுவதோடு நின்றுவிட்டோம்.

அரிசோனா வறள்நிலத்தில் மான்டசூமா கிணறு இருக்கிறது. மேற்பரப்பு இடிந்து உருவான சுண்ணாம்புப் பள்ளம். ஆயன்குளம் விழுங்குகிறது, அதுவோ நாளுக்குச் சுமார் 55 லட்சம் லிட்டர் நீரை வெளியே தள்ளுகிறது. அந்த நீர் தொலைவிலுள்ள மலைவிளிம்பில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் மழையாகப் பெய்தது என்பதை ஐசோடோப்பு ஆய்வால் நிறுவினார்கள். ஆயன்குளத்து நீரின் போக்கை நாமும் அப்படித்தான் ஆய்ந்து நிறுவ வேண்டும். 'அதிசயக் கிணறு' என்று பெயர் சூட்டினால் போதாது.

அதைவிடக் கவலை தருவது, ஆயன்குளத்தை எல்லா ஊருக்கும் முன்மாதிரியாக்கும் பேச்சு. குகைவழி நீரை வடிகட்டாது. சாக்கடை கலந்த வெள்ளத்தை உள்ளே விட்டால், அது சில நாளிலேயே பக்கத்துக் குடிநீர்க் கிணற்றில் தலைகாட்டலாம். நம் புறநகரில் 2015 வெள்ளத்தில் மூழ்கிய முடிச்சூரிலோ கதையே வேறு: கீழே விழுங்குவதற்குச் சுண்ணாம்புக் குகை இல்லை. அங்கே ஆழக்குழி தோண்டினால் வெள்ளம் வடிந்துவிடும் என்று மக்களுக்கு உறுதி சொல்ல எந்த நிலவியலாளருக்கும் உரிமையில்லை.

ஆகவே அவையிடம் ஒரு வேண்டுகோள். ஆயன்குளத்தில் சாய நீரோட்டச் சோதனையும், சுற்றியுள்ள கிணறுகளில் கிருமிச் சோதனையும் முடியும்வரை, புதிதாக எந்தக் கிணற்றுக்கும் வெள்ளத்தைத் திருப்பக்கூடாது என்று இன்று மாலையே தீர்மானம் நிறைவேற்றுங்கள்.