பல்லைப் பார்த்தால் வயது தெரியுமா?

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். காசு கொடுத்து வாங்கும் மாடு என்றால் பல்லைப் பார்க்காமல் யாரும் மடியை அவிழ்ப்பதில்லை. மாட்டுக்குச் சரி. மனிதருக்கு?

கூலிம், பாடாங் செராய், பீடோங் பக்கம் நிகழ்ச்சிக்குப் போகும்போதெல்லாம் "அட்டையில் இருப்பது என் வயதில்லை அம்மா" என்று சொல்லும் பெரியவர்களைச் சந்திக்கிறேன். லயத்தில் பிறந்தவர்கள். பிறப்பைத் தாமதமாகப் பதிந்தபோது யாரோ ஒருவர் குத்துமதிப்பாக ஓர் ஆண்டைச் சொல்லியிருப்பார். சமூக நலத்துறையின் முதியோர் உதவித்தொகைக்கு 60 வயது நிறைந்திருக்க வேண்டும். அட்டை 56 என்றால் நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டியதுதான். "பல்லை எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடாதா?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி.

சிறுபிள்ளைகளுக்கு ஓரளவு தெரியும். பல் வளரும் படிகளை வைத்துக் கணிக்கலாம். இருபது வயதையொட்டி ஞானப்பல்லின் வேரும் முடிந்துவிட்டால் அந்தக் கணக்கு தீர்ந்தது. அதற்குப் பிறகு பார்ப்பது பல்லின் உள்ளே நரம்பு ஓடும் கூட்டை. வயது ஏற ஏற உட்சுவர் தடித்துக் கூடு சுருங்கும். 1995இல் நார்வே ஆய்வாளர்கள் ஆறு பற்களை அளந்து ஒரு சூத்திரம் தந்தார்கள். 2004இல் இத்தாலியர்கள் கோரைப்பல் ஒன்றையே வைத்து இன்னொன்று தந்தார்கள்.

நார்வேக்காரர் பல்லும் நம் பல்லும் ஒன்றா? வெற்றிலை பாக்கு மென்று தேய்ந்த பல் தன்னைக் காத்துக்கொள்ள உள்ளே கூடுதலாகச் சுவர் எழுப்பும். கூடு சீக்கிரமே சுருங்கும். ஆகவே இந்தியருக்குத் தனிச் சூத்திரம் வேண்டும் என்று கர்நாடகத்தில் ஆராய்ந்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். இத்தாலிய சூத்திரம் சராசரியாகப் பத்து ஆண்டுக்கு மேல் தவறியது. இந்தியருக்கென்றே செய்ததும் ஏறக்குறைய அதே அளவு தவறியது! எனக்கு இதுதான் வியப்பு. இனம் மாறுவது மட்டுமல்ல சிக்கல். ஒரே தெருவில் ஒரே வயதுக்காரர் இருவரின் பல்லே ஒன்றுபோல் இருப்பதில்லை.

இன்னொரு வம்பும் உண்டு. இந்தச் சூத்திரங்கள் எல்லாரையும் நடுவயதுப் பக்கம் இழுக்கும். இளையவருக்குக் கூட்டியும் முதியவருக்குக் குறைத்தும் சொல்லும். 62 வயதுப் பாட்டிக்கு எக்ஸ்ரே 54 என்றால் யாருக்கு நட்டம்? மருத்துவர் ஒரே எண்ணைச் சொன்னால், முன்பின் எத்தனை ஆண்டு என்று கேட்டு அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

நான் சந்தித்த ஓர் அம்மா, ரப்பர் விலை சரிந்து பாலிங்கில் ஊர்வலம் போன 1974இல் தாம் தோட்டப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு என்றார். இரண்டாம் வகுப்பு என்றால் எட்டு வயது. பிறந்தது 1966 வாக்கில். தாமதமாகப் பள்ளியில் சேர்ந்திருந்தாலும் ஓரிரண்டு ஆண்டுதான் வித்தியாசம் வரும். எந்த எக்ஸ்ரேயும் இவ்வளவு நெருங்காது. ஆனால் வாய்ச்சொல் மட்டும் போதாது, எழுத்து வேண்டும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, தோட்டத்துச் செக்ரோல், அண்ணன் தங்கையின் பிறப்புப் பத்திரம், இவற்றைத் தேடித் திரட்டிக்கொண்டு தேசியப் பதிவுத் துறைக்குப் போங்கள். தோட்டத்தை விற்றுவிட்டார்களே என்று கைவிட்டுவிடாதீர்கள். பள்ளி ஊருக்குள் இடம் மாறியிருந்தால், பழைய பதிவேடும் கூடவே வந்து ஏதாவது அலமாரியில் கிடக்கக்கூடும்.